பச்சைத் தண்ணீரும் மயில்துத்தமும்

தூத்துக்குடியில் என்னோடு முதலில் பேசியவர் விடுதியின் மேசையில் இருந்த அண்ணாச்சி. என் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"கொழும்பா?"

"வவுனியா."

"கொழும்புக்குப் பக்கமா?"

"இல்லை. தூரம்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கொழும்பு என்று எழுதினார். "தனியாவா வந்தீய? எதுக்கு?"

"குளத்துப் பாசி பாக்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சுற்றுலா என்று எழுதினார்.

நான் வவுனியாவில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடமாகப் போத்தல்களில் வரும் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்று வர்ணம் கரைத்து ஊற்றியதுபோல் பச்சையாகிவிட்டது. நான் போய்ப் பார்த்து, செப்பு சல்பேற்று போடும்படி எழுதிக் கொடுத்தேன். நாலு நாளில் குளம் தெளிந்தது. ஊர்ச் சங்கம் எனக்கு மாலை போட்டது. மேலதிகாரிகளும் மகிழ்ந்து, குளத்துப் பாசி பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கு என்னை இங்கே அனுப்பினார்கள். பரிசாகத்தான்.

பயிற்சிக்கு ஆறு பேர் பதிந்திருந்தார்கள். வந்தது நான் ஒருத்தி. மற்ற ஐந்து பேரும் இதே மாவட்டத்துக்காரர்கள். தூரம் என்று வரவில்லை.

பயிற்சி தரும் ஆசிரியையின் பெயர் செல்வகனி. நாற்பது வயதிருக்கும். தேரிக்காட்டுப் பக்கத்து வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் கடை வைத்திருக்க, இவர் மட்டும் அழுக்குத் தண்ணீருக்குப் பின்னால் போனவர் என்று அவரே சொன்னார். "எங்க அப்பாட்ட யாராவது கேட்டா, மக தண்ணி யாவாரம் பாக்கான்னு சொல்லிருவாவ."

முதல் நாள் பாடம் மத்தியானத்தோடு முடிந்தது. முத்துக்குளித்த ஊருக்கு வந்துவிட்டு முத்துப் பார்க்காமல் போகக் கூடாது என்று ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் வெல்வெட்டுத் துணியில் ஒரு சரத்தை வைத்தார். இந்தக் கடல் முத்தா என்று கேட்டேன். நேர்மையான மனிதர்.

"இங்கன இப்ப ஏதுக்கா முத்து? இது சீனாவுல குளத்துல வளக்குறது."

குளத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று தெரிந்தது. சரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மாலை செல்வகனி பொரித்த புரோட்டா வாங்கித் தந்தார். எங்கள் ஊரில் ரொட்டியைக் கொத்துவார்கள். ஊரே கேட்கும்படி தகரத்தில் தாளம் போட்டுக் கொத்துவார்கள். இங்கே ரொட்டியை எண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். சத்தம் நாம் கடிக்கும்போது வருகிறது. மேலே சால்னாவை ஊற்றியதும் அதுவும் அடங்கிவிடுகிறது. நான் நான்கு சாப்பிட்டேன். கடைக்காரர் ஐந்தாவதைக் கேட்காமலே வைத்தார்.

இரண்டாம் நாள் காலை எழுந்து பால்கனிக் கம்பியைத் தொட்டேன். கை கறுப்பாயிற்று. துறைமுகத்து நிலக்கரித் தூள் என்று அறை பெருக்கும் பெண் சொன்னாள். ஊருக்கு வெளியே உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது, ஊருக்குள் கம்பியெல்லாம் கறுப்பு. நான் பச்சையைப் பார்க்க வந்திருந்தேன்.

அன்றைய பாடத்தில் செல்வகனி ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்து வைத்தார். மேலே அரை விரல் தடிப்பில் பச்சை மிதந்தது.

"அக்கா, இதப் பாசின்னு சொல்லுதோம். உண்மையில இது பாசி மாதிரி நடிக்கிற பாக்டீரியா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் சின்னச் சின்னக் காத்துப் பை இருக்கு. அதான் மிதக்கு. காத்தடிச்சா எல்லாம் ஒரு கரையில போய் ஒதுங்கிரும். அந்தக் கரையில தண்ணி குடிக்கிற மாட்டுக்கு எமன் அங்கன நிக்கான்னு அர்த்தம்."

விஷம் அந்த உயிரின் உள்ளேதான் பெரும்பாலும் இருக்கிறது என்று விளக்கினார். உயிரோடு மிதக்கும்வரை கொஞ்சம்தான் வெளியே கசியும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. அவசரப்பட்டு காப்பர் சல்பேட் போட்டால் அத்தனை உயிரும் ஒரே நேரத்தில் வெடித்து, உள்ளே இருந்த விஷம் முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும்.

"பச்சை போயிரும். தண்ணி தெளிஞ்சிரும். ஆளுக சந்தோசப்பட்டு மாட்டை அவுத்து விடுவாவ. குளம் கண்ணுக்கு எப்ப நல்லா இருக்கோ, அப்பதான் அது ரொம்ப மோசமா இருக்கும்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தெளிந்துவிடும் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

எங்கள் குளம் தெளிந்த பிறகு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். குளத்தங்கரையில் நல்லதம்பி என்று ஒருவர் மாடு வைத்திருக்கிறார். குளத்துக்கு மருந்து போட்ட ஆறாம் நாள் அவருடைய ஐந்து மாடுகள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. தொற்று வருத்தம், அதாவது தொற்றுநோய், என்று ஊர் முடிவு செய்தது. என் சைக்கிளை நிறுத்தி அவரிடம் துக்கம் விசாரித்தேன். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார்.

"எத்தனை நாளைக்கு அந்த விஷம் தண்ணியில நிக்கும்?" என்று கேட்டேன்.

"சில நேரம் வாரக் கணக்கா நிக்கும்க்கா. உங்க ஊர்ல யாரும் இந்த மருந்து போட்டுப் பாத்திருக்காங்களா?"

"இல்லை" என்றேன்.

அன்று மத்தியானம் விளைமீன் குழம்பு. மிக நல்ல குழம்பு என்று செல்வகனி சொன்னார். இருக்கலாம்.

மூன்றாம் நாள் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனோம். குளத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு எருமைகள் செத்துப் போனதாக அங்கிருந்து யாரோ செல்வகனிக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள்.

ஜீப்பை ஓட்டியவர் அந்தோணி. கடற்கரைக்காரர். கடலைத் தவிர வேறெந்தத் தண்ணீரிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "குளமெல்லாம் என்ன தண்ணி டீச்சர், நிக்கிற தண்ணி" என்றார். உப்பளம் முடிந்து, பனை முடிந்து, வாழை தொடங்கும் இடத்தில் ஜீப் புகைந்து நின்றது. நானும் செல்வகனியும் எதிரே ஒரு கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வந்தபோது ஜீப் ஓடத் தயாராக இருந்தது. போத்தல்களைக் கழுவக் கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீர்க் கேன் இரண்டும் காலி.

"வண்டிக்கு ஊத்திட்டேன். இவ்வளவு சுத்தமான தண்ணிய இந்த ஜீப்பு பாத்ததே இல்ல" என்றார் அந்தோணி.

அதன் பிறகு ஜீப் உண்மையாகவே நன்றாக ஓடியது.

குளம் பெரியது. முக்கால் பாகம் சாதாரணத் தண்ணீர்தான். தென்மேற்கு மூலையில் மட்டும் காற்று ஒதுக்கிவிட்ட பச்சை, ஆடை படிந்த பால்போல் தடித்துக் கிடந்தது. கரையோரம் காய்ந்த இடத்தில் நீலமாக இருந்தது. அழுகிய புல் வாடை அடித்தது. ஒரு கொக்கு அந்த மூலைக்கு வராமல் தள்ளியே நின்றது.

கரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இசக்கியம்மாள். ஐம்பது வயதுப் பெண். செத்த எருமைகள் அவருடையவை. மிச்சம் இருந்த ஒன்றைப் பனையில் கட்டி, அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்னொருவர் பெருமாள். குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர், இசக்கியம்மாளின் கொழுந்தன். ஒரு மொபெட்டில் மூன்று சாக்குகளைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். இருவரும் பத்து நாளாகப் பேசுவதில்லை. எங்கள் மூலமாகத்தான் பேசினார்கள்.

"மாடு எறங்கி மீனைக் கலைக்குன்னு இவன் விசத்தைப் போட்டுட்டான். நாளைக்கு டேசனுக்குப் போறேன்னு அவன்ட்ட சொல்லுங்க."

"நான் விசம் போட்டா என் மீனு சாவாதான்னு மதினிட்ட கேளுங்க. விடியக்காலம் போனா எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மேல நிக்கி."

செல்வகனி இரண்டு பேரிடமும் எதையும் போய்ச் சொல்லவில்லை. ஜீப்பின் முகப்பில் ஒரு சின்ன நுண்ணோக்கியை வைத்து, ஒரு சொட்டுப் பச்சையைக் கண்ணாடித் துண்டில் விட்டார். நானும் பார்த்தேன். வடிவமில்லாத திட்டுக்கள், ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சிறிய ஆயிரம் உருண்டைகள். குடுவையில் பார்த்த அதே ஆள்.

இசக்கியம்மாள் ஒற்றைக் கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். "பிச்சுப் போட்ட பஞ்சு மாதிரி இருக்கு. இதா என் எருமையக் கொன்னுச்சு?"

"மாட்டு டாக்டர் அறுத்துப் பாத்தாரா?"

"பாத்தாரு. ஈரலு வீங்கிக் கெடக்குன்னாரு."

"அப்ப இதுவாத்தான் இருக்கும். இது ஈரலத்தான் பிடிக்கும். தண்ணிய கொண்டுபோய் சோதிச்சு உறுதியாச் சொல்லுதேன்."

பெருமாளுக்கு முகம் தெளிந்தது. "சொன்னேம்லா. அதுக்குத்தான் மருந்து கொண்டாந்திருக்கேன்." மொபெட்டிலிருந்து சாக்குகளை இறக்கினார். "மயில்துத்தம். இன்னைக்குப் போட்டா நாளன்னைக்குக் குளம் கண்ணாடி கணக்கா ஆயிரும். அப்புறம் மதினி மாட்டைத் தாராளமா எறக்கட்டும்."

எங்கள் ஊரில் செப்பு சல்பேற்று, பாடத்தில் காப்பர் சல்பேட், இங்கே மயில்துத்தம். சாக்கின் ஓட்டை வழியாக நீலம் தெரிந்தது. அந்த நீலம் எனக்குப் பழக்கம்.

செல்வகனி வேண்டாம் என்றார். நேற்று எனக்குச் சொன்ன காரணங்களையே பொறுமையாகச் சொன்னார். பெருமாள் முழுவதையும் கேட்டார்.

"சரி டீச்சர். போட்டா தெளியுமா தெளியாதா?"

"தெளியும். ஆனா..."

"தெளியும்லா. அது போதும்."

அரிவாளால் சாக்கின் வாயைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பத்து நாளாக ஊர் அவரை விஷம் வைத்தவன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை போனால் போதும் என்று அவருக்கு இருந்தது. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

"நான் போட்டனான்" என்றேன்.

என் தமிழ் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். "எங்கட ஊர்க் குளத்துக்கு நான்தான் இதைப் போடச் சொன்னனான். நாலு நாளில தெளிஞ்சது. எனக்கு மாலை போட்டவை. ஆறாம் நாள் தெளிஞ்ச தண்ணியைக் குடிச்சு அஞ்சு மாடு செத்தது. வருத்தம் வந்து செத்தது எண்டு எல்லாரும் நினைச்சம்."

ஜீப்பைப் பிடித்துக்கொண்டேன். முகப்பு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை. செல்வகனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்று இல்லை எண்டு சொன்னது பொய்" என்று அவரிடம் சொன்னேன்.

பெருமாள் அரிவாளை மண்ணில் வைத்தார். இசக்கியம்மாள்தான் கேட்டார். "மாட்டுக்காரரு யாரு?"

"நல்லதம்பி எண்டு ஒருத்தர்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு எப்பம் தெரிஞ்சுது?"

"நேற்று."

"நேத்தே போன் போட்டிருக்கலாம்லா" என்றார். திட்டுவதுபோல் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

பெருமாள் அறுத்த கயிற்றை முடிச்சுப் போட்டுச் சாக்கின் வாயை மறுபடி கட்டினார். "கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்" என்று சாக்கிடம் சொன்னார்.

அடுத்து என்ன செய்வது என்று செல்வகனி சொன்னார். இந்த மூலையை முள்வேலி போட்டு அடைக்க வேண்டும். எருமைக்கு அடிபம்புத் தண்ணீர். யாரும் இங்கே குளிக்கக் கூடாது. குளத்து மீனைக் கொஞ்ச நாளைக்குச் சாப்பிடவும் விற்கவும் வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் திறந்துவிட்டு, குளம் நிறைந்து மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் வழிந்து பாயும்வரை காத்திருக்க வேண்டும்.

"அம்புட்டுத்தானா?" என்றார் பெருமாள். மூன்று சாக்கு சுமந்துகொண்டு வந்தவருக்கு அது குறைவாகத்தான் இருக்கும்.

"இன்னும் இருக்கு. மீனுக்கு என்ன போடுதீங்க?"

"கோழி எரு."

"குளத்துல முன்னால அல்லி, வேலம்பாசி எல்லாம் கெடந்திருக்குமே. அதெல்லாம் எங்க?"

"புல்கெண்டை விட்டேன். எல்லாத்தையும் தின்னு குளத்தைச் சுத்தமாக்கிட்டு" என்றார் பெருமையோடு.

அந்தச் செடிகள்தான் எருவின் சத்தை இவ்வளவு நாள் உறிஞ்சிக்கொண்டிருந்தன, அவை போனதும் அத்தனை சத்தும் இந்தப் பச்சைக்குக் கிடைத்துவிட்டது என்றார் செல்வகனி. இசக்கியம்மாள் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பத்து நாளில் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. "கேட்டுக்கிடச் சொல்லுங்க" என்றார்.

செல்வகனி வாழைத் தோட்டத்திலிருந்து குளத்துக்குள் இறங்கும் ஓடையைக் காட்டினார். "அந்த வாழை யாரோடது?"

பெருமாள் மதினி பக்கம் திரும்பினார்.

"எங்களதுதான்" என்றார் இசக்கியம்மாள்.

"யூரியா போடுதீங்களா?"

"அது வாழைக்குப் போட்டது. குளத்துக்குப் போடல."

பெருமாள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிறகு அவரே போய் உடைமுள் வெட்டிக்கொண்டு வந்தார். வேலி போட்டு முடியும்வரை நாங்கள் இருந்தோம். இசக்கியம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்தார். ஒரு செம்பை என் கையில் கொடுத்து, அதை வேலிப்பக்கம் கொண்டுபோகச் சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஜீப் வாழையைத் தாண்டிப் பனைக்கு வந்தது. செல்வகனி என் பக்கம் திரும்பினார்.

"நேத்து உங்க பேனா நின்னுட்டு. பாத்தேன்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நெனைக்கல. கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு" என்று திருத்தினார்.

நான்காம் நாள் காலை கடற்கரைச் சாலைக்குப் போய் நல்லதம்பிக்குப் போன் செய்தேன். தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றன. அங்கே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, தெளிந்த தண்ணீர், விஷம், நான் போட்ட கையெழுத்து. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஒருமுறை அலோ என்றேன். "சொல்லுங்கோ, நிக்கிறன்" என்றார்.

சொல்லி முடித்தேன். மறுமுனையில் ஒரு மாடு இருமுவது கேட்டது.

"அப்ப வருத்தம் இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை. பெரும்பாலும் அந்தத் தண்ணிதான்."

"மிச்ச மாட்டுக்கும் அந்த வருத்தம் இருக்கும் எண்டு சொல்லி, பால் சேகரிக்கிற இடத்தில என்ர பாலை எடுக்கினம் இல்லை. ஒரு சனமும் இந்தப் பக்கம் மாடு மேய்க்கச் சாய்ச்சுக்கொண்டு வாறேல்லை. நாலு மாசமா பாலைக் கறந்து நிலத்தில ஊத்திறன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

"எழுத்தில தாங்கோ" என்றார். "உங்கட கையெழுத்தோட."

ஐந்தாம் நாள் சோதனை முடிவு வந்தது. அந்தக் குளத்துத் தண்ணீரில் விஷம் இருந்தது. செல்வகனி முதலில் பெருமாளுக்குச் சொன்னார். "மதினிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று பெருமாள் சொன்னாராம். இசக்கியம்மாளுக்குச் சொன்னபோது, போலீசுக்குப் போகவில்லை என்றார். கொழுந்தனோடு பேச்சு உண்டா என்று செல்வகனி கேட்டதற்கு, "எருமைக்கு அவன் காரணம் இல்ல, சரி. அதுக்கு முன்னால நடந்ததெல்லாம் இருக்கு" என்றாராம்.

எனக்கு அன்று வேறு பாடம் இல்லை. ஒரு காகிதம் வாங்கி, ஆய்வுக்கூடத்து மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. செல்வகனியிடம் படிக்கக் கொடுத்தேன். அறிவியல் எல்லாம் சரி என்றார். பிறகு கடிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"நான்தான் போடச் சொன்னேன்னு ஏழாவது வரியில வருதுக்கா. அவரு அங்கன வரைக்கும் வாசிக்கணும்."

இரண்டாம் தடவை எழுதியபோது அது மூன்றாவது வரிக்கு வந்தது. மூன்றாம் தடவை முதல் வரியில் இருந்தது. ஒரு பிரதியை என் அலுவலகத்துக்கும் எடுத்துக்கொண்டேன். பரிசாக அனுப்பியவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

வவுனியா வந்த மறுநாள் காலை நல்லதம்பியின் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக் கொட்டிலில் நின்றார். என்னை இருக்கச் சொல்லவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்தார். முதல் வரியை இரண்டு தரம் படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்துக் காட்டினார். அந்தப் பெண் கடைசிவரை என்னைப் பார்க்கவில்லை.

படித்து முடித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று காலை கறந்த பால் ஒரு வாளியில் இருந்தது. அதைக் கேனில் ஊற்றி, மூடி, மோட்டார் சைக்கிளில் கட்டி, பால் சேகரிக்கும் இடத்தை நோக்கிப் புறப்பட்டார்.